காற்றில்லாத படம்

வாருங்கள், வாருங்கள். அந்தக் குளிர்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இப்படிக் கிட்ட வந்து இருங்கள். கதவை இறுக்கிச் சாத்தினீர்களா? சரி. காலை ஹீற்றர் பக்கம் நீட்டுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் ரொக்கெற் வரும், கண்ணாடி மனிதர்கள் வருவார்கள், ஒரு நாய் வரும், நாலு ஹெலிகொப்ரர் வரும், கடைசியில் ஒரு கேக்கும் வரும். ஹெலி என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம், என் செல்லங்கள். முடிவு நல்ல முடிவுதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிவைப் பார்க்காமல் விட்டதால் வந்த கதையல்லவா இது.

அப்போது எண்பத்தாறாம் ஆண்டு, பனி விட்டும் விடாத மார்ச் மாதம். ரொறன்ரோவில் அஜின்கோர்ட் பக்கம், செப்பேர்ட் வீதியோரப் பிளாசா ஒன்றில் பத்மநாதன் என்பவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் அரிசி, பருப்பு, கருவாடு. பின்பக்கம் படக் கொப்பிகள். வீடியோ கசெற்றை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். வெள்ளிக்கிழமை பின்னேரமே தமிழ்க் கொப்பிகள் எல்லாம் போய்விடும். பிறகு வருகிறவர்களுக்கு ஆங்கிலக் கொப்பிகள்தான் மிச்சம். பூட்டுப்பட்ட ஒரு கடையிலிருந்து பத்மநாதன் வான் நிறைய அள்ளிக்கொண்டு வந்தவை. எல்லாம் சண்டைப் படங்களும் விண்வெளிப் படங்களும். அவற்றை ஒருவரும் தொடுவதில்லை, மக்டலீன் அங்கே வேலைக்கு வரும்வரைக்கும்.

மக்டலீன் மன்னார்க்காரி. நாற்பது கடந்தவள். ஓரிடத்தில் நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பகலில் இந்தக் கடை, பின்னேரம் ஒரு கந்தோரில் மேசை துடைத்துக் கூட்டுகிற துப்புரவு வேலை. காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரீவியும் கொப்பி போட்டுப் பார்க்கிற டெக்கும் இருந்தன. ஆட்கள் வராத நேரத்தில் ஒரு கொப்பியைப் போட்டுவிட்டு, பருப்புப் பொதி கட்டிக்கொண்டே பார்ப்பாள். ஆங்கிலம் பாதி விளங்கும், பாதி விளங்காது. படத்தின் பெயர் ஒன்றும் வாயில் நிற்காது. ஆனால் யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"அக்கா, ஒரு நல்ல சண்டைப்படம் தாங்கோ."

"கார்ச் சண்டையோ, கைச் சண்டையோ?"

"ரெண்டும் இருந்தா நல்லம்."

"அப்ப உந்தப் பாலம் உடையிற படத்தைக் கொண்டுபோங்கோ. ஆட்டிறைச்சியை அடுப்பிலை வைச்சிட்டுத் தொடங்குங்கோ. அவன் பாலத்தடிக்குப் போகேக்கை இறைச்சி அவிஞ்சிடும். இறக்கி வைச்சிட்டு வந்து மிச்சத்தைப் பாருங்கோ. நடுவிலை ஒரு கொஞ்சல் இருக்கு. அப்ப பிள்ளையளைத் தண்ணி எடுத்துவர அனுப்பிவிடுங்கோ."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு செம்பு காணும். அவை கலியாணம் கட்டினவைதான்."

இப்படித்தான் அவள் படம் கொடுத்தாள். ஆனால் கொப்பியைக் கையில் வாங்கியவர்கள் எல்லாரும் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். வேறெந்தக் கடையிலும் எவரும் கேட்காத கேள்வி.

"ஹெலி வருமோ?"

ஊரில் சண்டை நடந்த அந்த நாட்களில் ஆமிக்காரரின் ஹெலி வந்தால் எங்கள் சனம் ஓடி ஒளித்துத்தான் பழக்கம். மேலே நின்று வட்டமடித்துச் சுடுகிற சாமான் அது. ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய பிறகும் காது அதை விடவில்லை. படத்தில் அந்தச் சத்தம் கேட்டால் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போகிறவர்கள் இருந்தார்கள். அதனால் மக்டலீன் விலை ஒட்டுகிற சிவப்பு ஒட்டுக்களை எடுத்து, ஹெலி வருகிற கொப்பிகளுக்கெல்லாம் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். பொட்டில்லாதவற்றைப் பயமில்லாமல் கொண்டுபோகலாம்.

இதை வைத்துப் பகிடி பண்ணுகிறவன் ஸ்ரீதரன். யாழ்ப்பாணத்தில் கம்பஸில் ஒரு வருடம் பௌதிகம் படித்துவிட்டு வந்து, இங்கே பிஸ்ஸா கொண்டுபோய்க் கொடுக்கிற பெடியன்.

"அக்கா, எனக்குப் பொட்டு வைச்சதாப் பாத்து ஒண்டு தாங்கோ."

"பொட்டு வைச்சதைப் படத்திலை தேடாதை. வீட்டுக்கு ஒண்டைக் கூட்டிக்கொண்டு வாற வழியைப் பார்."

"நீங்கள் ஏனக்கா ஒவ்வொண்டாப் பாத்து மினக்கெடுறியள்? விண்வெளிப் படமெல்லாத்தையும் கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம். ஹெலி எப்பிடிப் பறக்குது? காத்தைக் கீழை தள்ளித்தான் மேலை எழும்புது. அங்கை காத்தே இல்லை. காத்தில்லாத இடத்திலை ஹெலி பறக்காது. இது பௌதிகம்."

"படம் எடுக்கிறவங்களுக்குப் பௌதிகம் தெரியுமோடா?"

"அவங்களுக்குத் தெரியாட்டியும் காத்துக்குத் தெரியும் அக்கா."

மக்டலீனுக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து விண்வெளிப் படங்களைத் தொடக்கத்தில் கொஞ்சம் பார்ப்பாள், நடுவில் கொஞ்சம் பார்ப்பாள், முடிவைப் பார்க்கமாட்டாள். முடிவு வருகிற நேரம் பஸ் பிடிக்கிற நேரமாகவும் இருக்கும். காற்றில்லாத இடத்துக்கு ஏன் காவல்? தட்டில் அவற்றைப் புறம்பாக அடுக்கி வைத்தாள். கொஞ்ச நாளில் பெயரே விழுந்துவிட்டது. "காத்தில்லாத படம் ஒண்டு தாங்கோ" என்று மில்லிக்கன் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காத்துப் போனதோ தங்கச்சி? அப்ப விலை குறையத்தானே வேணும்?" என்று கேட்டாராம்.

இனிக் கோணேஸ்வரியைச் சொல்லவேண்டும். அவள் மட்டக்களப்புப் பக்கம். கணவர் சாமித்தம்பிக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமையும் போகவேண்டும். மகள் சுகிர்தா. அந்த மார்ச்சில் அவளுக்கு ஒன்பது வயது பிறக்க இருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் பள்ளி விட்டதும் தாயும் மகளும் பஸ் தரிப்பில் நின்றிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகிற ஹெலி ஒன்று தாழ்வாக வந்தது. கோணேஸ்வரிக்கு அது ஆஸ்பத்திரி ஹெலி என்று யார் சொல்வது? மகளை இழுத்துக்கொண்டு அங்கே ஆட்கள் இருக்கிற வாங்குக்குக் கீழே போய்விட்டாள். சேற்றுப் பனியில் முகங்குப்புற. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. யன்னல் நிறையப் பிள்ளைகள். சிரிப்பு.

அடுத்த நாளிலிருந்து சுகிர்தா தாயோடு சேர்ந்து நடப்பதை விட்டுவிட்டாள். கொஞ்சம் பின்னாலே வருவாள், வேறு யாரோடோ வருகிறவள் மாதிரி. தாய் திரும்பிப் பார்த்தால் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிவாள். கோணேஸ்வரி திரும்பி முன்னாலே நடப்பாள்.

பிறந்தநாளுக்கு முதற்கிழமை அவள் கடைக்கு வந்தாள். வந்தவள் மிளகாய்த்தூளைத் தூக்கிப் பார்த்தாள், வைத்தாள், திரும்பவும் தூக்கினாள்.

"என்ன கோணேஸ், மிளகாய்த்தூளோடை கதைக்க வந்தனியோ?" என்றாள் மக்டலீன்.

"அக்கா, என்ட புள்ளைட பேத்டேக்கு வகுப்புப் புள்ளைகள் வாறாங்க. வந்ததுக்கு இதுதான் முதல் தரம் அவள்ட சிநேகிதப் புள்ளைகள் வீட்ட வாறது. ஸ்பேஸ் படம் போட்டுக் காட்டவேணுமாம். வெளிச்சத்தால சுடுற படம். வகுப்பில எல்லாரும் அதத்தான் கதைக்கிறாங்களாம். இவள் ஒண்டும் பாக்காமலே பாத்தன் பாத்தன் எண்டு பொய் சொல்லித் திரியிறாள்."

"அதுக்கென்ன, தட்டு நிறையக் கிடக்கு."

"ஹெலி வரப்படாது அக்கா." கோணேஸ்வரியின் கை மிளகாய்த்தூள் பொதியை நசித்தது. "அந்தச் சத்தம் கேட்டா நான் என்ன செய்வனெண்டு எனக்கே தெரியா. புள்ளைகளுக்கு முன்னால நான் மேசைக்குக் கீழ போனா, மறுகா என்ட புள்ள என்ட முகத்த ஏறெடுத்தும் பாக்கமாட்டாள். இப்பவே பாக்கிறாள் இல்ல."

மக்டலீன் அந்தப் பொதியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள். பிறகு போய்த் தட்டில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தை அவள் நாய்ப் படம் என்பாள். ஒரு விண்கப்பல். அதிலே எல்லாரும் இறந்துபோக, கோக்கி என்கிற சமையற்காரனும் ஒரு நாயும் மட்டும் மிச்சம். பனி மூடிய ஒரு கோளில் கண்ணாடி மனிதர்கள் அவர்களைத் துரத்துகிறார்கள். நாய் குரைத்தால் கண்ணாடி மனிதர்கள் வெடித்து நொறுங்குவார்கள்.

"வெளிச்சத்தாலை சுடுறது தாராளமா இருக்கு. இரத்தம் இல்லை, கண்ணாடிதான் உடையும். கொஞ்சல் இல்லை, ஆரை ஆர் கொஞ்சிறது, நாயும் கோக்கியும்தானே. பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிப்பினம். உனக்கும் பிடிக்கும்."

"ஹெலி?"

"அங்கை காத்தே இல்லையெடி."

"வராதெண்டு சொல்லுங்க அக்கா."

"மடு மாதா சத்தியமா வராது."

மன்னார்க்காரி தன் ஊர்ப்பக்கத்துக் கோயிலின் மடு மாதாமேல் சத்தியம் பண்ணினால் அதற்கு மேலே பேச்சில்லை. அது கோணேஸ்வரிக்கும் தெரியும். அவள் படக் கொப்பியையும், பெட்டியில் போட்ட வாடகை டெக்கையும் தூக்கிக்கொண்டு, மிளகாய்த்தூளை மறந்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து மக்டலீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியாது. சவர்க்காரத்தைப் பருப்புத் தட்டில் அடுக்கினாள். "இண்டைக்கு உமக்கு என்ன?" என்று பத்மநாதன் கேட்டதற்கு, "மழை வரும்போலை கிடக்கு" என்றாள். வெளியே வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

பின்னேரம் ஆகமுன்னம் ஸ்ரீதரன் வந்தான். காரை வாசலில் ஓடவிட்டபடியே விட்டு, பிஸ்ஸாப் பெட்டி ஒன்றை ஒரு கையில் ஏந்திக்கொண்டு வந்தான். குளிரில் ஆறிவிடுமாம், அதனால் கூடவே கொண்டு திரிகிறானாம்.

"அக்கா, அந்த நாய்ப் படம் கிடக்கோ? அதின்ரை கடைசியை இன்னொருக்காப் பாக்கவேணும்."

"கோணேஸ் கொண்டுபோயிட்டாள், மகள்ரை பிறந்தநாளுக்கு. ஏன், கடைசியிலை என்ன?"

"அதுதானே அக்கா அருமையான இடம்! கப்பல் வந்து கடலுக்கை விழுது. நாய் நீந்துது. அப்ப பாருங்கோ, அதை எடுக்கிறதுக்கு முகிலுக்குள்ளாலை நாலு ஹெலி..."

ஸ்ரீதரன் நிறுத்தினான். மக்டலீனின் கையிலிருந்த பருப்புப் பொதி கீழே போயிற்று.

"நீ என்ன சொன்னனி? காத்தில்லாத இடத்திலை ஹெலி பறக்காது எண்டனியேடா!"

"பறக்காதுதான் அக்கா. ஆனா போன ஆக்கள் திரும்பி வரவேணுமே? பூமியிலை காத்து இருக்குத்தானே?"

"பாவி! நான் மாதாவிலை சத்தியம் பண்ணிப்போட்டனடா!"

ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்துச் சுழற்றினாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வீடு நிறையப் பிள்ளைகளும், உச்சத்தில் ரீவியும் இருந்தால் மணி யாருக்குக் கேட்கும்? படம் எத்தனை மணிக்குப் போட்டிருப்பார்கள், இப்போது எங்கே நிற்கும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். ஆட்டிறைச்சிக் கணக்கில் பார்த்தால் இறக்கி வைத்து, சோறும் வடித்திருப்பார்கள்.

"எடடா காரை!"

"அக்கா, இந்தப் பிஸ்ஸா..."

"அதை நான் பிடிக்கிறன். நீ எடு!"

பத்மநாதன் பின்னால் கத்தியது ஒன்றும் காதில் விழவில்லை. மேற்சட்டைகூடப் போடாமல், மடியில் சூடான பெட்டியோடு மக்டலீன் காரில் இருந்தாள். வாய் செபம் சொன்னது, இடையிடையே ஸ்ரீதரனையும் திட்டியது. "அருள் நிறைந்த மரியே... அதிலை மஞ்சள் லைற்தானே, போவன்... கர்த்தர் உம்முடனே..."

ரயில் கடவைக்குக் கிட்டப் போகும்போது மணி அடிக்கத் தொடங்கியது. தடை இறங்கியது. சரக்கு ரயில் வந்தது. பாருங்கள், அவசரம் இல்லாத நாளில் நாங்கள் அந்த ரயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். அன்றைக்கு அதற்கு வாலே இல்லை. பெட்டி, பெட்டி, பிறகும் பெட்டி. மரம் ஏற்றியது, எண்ணெய் ஏற்றியது, ஒன்றும் ஏற்றாதது. ஒன்றும் ஏற்றாததைக் கண்டதும் மக்டலீனுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"உதுக்குள்ளை ஒண்டும் இல்லையே! வெறும் பெட்டியை ஏன்ரா இழுத்துக்கொண்டு திரியிறாங்கள்?"

"அக்கா, ஒருவேளை கோணேஸ்வரி அக்கா அந்த நேரம் குசினிக்கை சமைச்சுக்கொண்டு நிண்டாலும் நிப்பா."

"குசினிக்குக் காது இல்லையோ?"

கடைசிப் பெட்டி போனது. தடை எழும்பியது. முன்னால் நின்ற காரின் சில்லு சேற்றுப் பனியில் சுழன்றது, நகரவில்லை. மக்டலீன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கோணேஸ்வரியின் கட்டடம் அங்கேயிருந்தே தெரிந்தது. ஓடினாள். அந்தப் பெட்டி இன்னும் கையில் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. பின்னால் ஸ்ரீதரன் "பிஸ்ஸா! அக்கா, பிஸ்ஸா!" என்று கத்திக்கொண்டு நின்றான்.

கட்டடத்தின் லிப்ற்றில் யாரோ உடுப்புக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் படியால் ஏறினாள். மூச்சு வாங்க ஐந்தாம் மாடிக்கு வந்து நடைபாதைக் கதவைத் தள்ளியபோது அந்தச் சத்தம் கேட்டது. மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து. டபடபடபடப. அவளே ஒருதரம் சுவரோடு ஒதுங்கினாள். மன்னாரிலும் அது பறந்ததுதானே.

கோணேஸ்வரி வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒருவரும் இல்லை.

ரீவியில் சாம்பல் நிறக் கடல், அதற்கு மேலே நாலு ஹெலி. நிலத்தில் கடதாசிக் கோப்பைகள் உருண்டு கிடந்தன. சோபாவில் ஒரு தொப்பி. தட்டுகளில் பாதி கடித்த பற்றிஸ். ஒரு குஞ்சுகூட இல்லை. மக்டலீன் பல்கனிக்கு ஓடினாள். அங்கே பனி கலையாமல் கிடந்தது. குசினியைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள். "கோணேஸ்! எடி கோணேஸ்!" என்று கூப்பிட்டாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாளோ? படியிலே காணவில்லையே. மாதாவே, நான் என்ன செய்வேன்?

அப்போது மேசைக்குக் கீழேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. பிறகு யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் விடுகிற சத்தம்.

மேசைவிரிப்பு நிலம்வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. மக்டலீன் குனிந்து அதைத் தூக்கினாள். உள்ளே ஒரே கால்களும் கண்களும். நடுவில் கேக். அதற்குப் பக்கத்தில் கோணேஸ்வரி, மடியில் தன் பிள்ளை அல்லாத ஒரு பிள்ளை.

நடந்தது இதுதான். கோணேஸ்வரியும் சுகிர்தாவும் பிறகு எத்தனையோ தரம் சொன்னது.

படம் நன்றாகத்தான் போயிற்று. நாய் குரைக்கும்போதெல்லாம் பிள்ளைகளும் குரைத்தார்கள். குசினி வாசலில் நின்ற கோணேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. கப்பல் கடலில் விழுந்தது. அப்போது எங்கேயோ தூரத்தில் சத்தம் தொடங்கியது. படத்தில் ஹெலி தெரியுமுன்னமே அவளுக்குக் கேட்டுவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே காற்றில்லை, அக்கா சத்தியம் பண்ணினவ, அங்கே காற்றில்லை என்று சொல்லிக்கொண்டாள். சத்தம் கிட்ட வந்தது. அவள் மகளைப் பார்த்தாள். மகள் படத்தைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் அம்மா என்று அந்த முகம் கெஞ்சியது. கோணேஸ்வரி நகம் மரத்தில் பதிய நின்றாள். விழுந்தாலும் நின்றபடியே விழுவது என்று நின்றாள்.

அந்த நேரம் ஒரு தட்டு விழுந்து உருண்டது.

மரிசோல் என்று ஒரு பிள்ளை. எல் சல்வடோரிலிருந்து வந்து சில மாதந்தான். வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் அதற்குள் மேசைக்குக் கீழே போயிருந்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அவளுடைய நாட்டிலும் சண்டை, அங்கேயும் அது பறந்திருக்கிறது, பாருங்கள். யாருக்குத் தெரியும்?

கோணேஸ்வரி மேசைக்குக் கீழே போனாள். பயத்தில் போனாளோ, பிள்ளையைப் பிடிக்கப் போனாளோ, அது அவளுக்கே இன்றுவரைக்கும் தெரியாது. போய் அந்தப் பிள்ளையை இழுத்து மடியில் போட்டு, தலையைத் தன் வயிற்றோடு பொத்திக்கொண்டாள்.

வெளியே மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். ஜெனிபர் என்று ஒரு பெட்டை, பள்ளிக்கூட பஸ்ஸில் இருந்து சிரித்தவர்களில் ஒருத்தி, "உன்ரை அம்மா என்ன செய்யிறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சுகிர்தா நின்றாள். ஒரு பக்கம் சிநேகிதிகள், மறுபக்கம் மேசை. பொய் சொல்லிப் பழகிய பிள்ளைதானே. அன்றைக்கு அந்தப் பழக்கம் உதவிற்று.

"உங்களுக்குத் தெரியாதா? இந்தப் படத்தை இப்படித்தான் பார்க்கவேணும். ஹெலி வந்தால் எல்லாரும் கீழே போகவேணும். எங்கள் வீட்டில் எப்பவும் அப்படித்தான்," என்றாள் ஆங்கிலத்தில். பிறகு கத்தினாள். "லாஸ்ற் வண் இஸ் அ கிளாஸ் மான்!"

கடைசியாக வருகிறவள் கண்ணாடி மனிதன். அதைக் கேட்டால் எந்தப் பிள்ளை நிற்கும்? இடித்துப் பிடித்துக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள். ஜெனிபர்தான் கடைசி. எல்லாரும் அவளைப் பார்த்துக் குரைத்தார்கள். சுகிர்தா திரும்பி வெளியே வந்து கேக்கை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது ரீவியை ஒருதரம் நின்று பார்த்தாள். பிறகு விரிப்புக்குள் புகுந்து தாயின் தோளோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

"அம்மா," என்று காதுக்குள் சொன்னாள், "இது அடிக்கிற ஹெலி இல்ல. எடுக்க வந்த ஹெலி. நாயை எடுக்கத்தான் வந்தது."

கோணேஸ்வரி மடியிலிருந்த பிள்ளையை விடாமல் கேட்டாள். "எடுத்துப்போட்டாங்களா?"

"ஓம். நனைஞ்சுபோச்சு. பிளாங்கெற் போட்டிருக்காங்க."

"அந்தக் கோக்கி?"

"அவரையும்."

அப்படியிருக்கும்போதுதான் மக்டலீன் விரிப்பைத் தூக்கினாள். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்கள்.

"பிஸ்ஸா!"

அவளையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். மக்டலீன் கொஞ்சம் பருத்த உடம்பு, மேசை ஒரு பக்கம் எழும்பியது. "கோணேஸ், என்னை மன்னிச்சுக்கொள்ளடி. நான் முடிவைப் பாக்கேல்லை," என்றாள் அவள்.

"மாதாட பேரில பொய்ச் சத்தியம் பண்ணினீங்களே அக்கா," என்றாள் கோணேஸ்வரி. கன்னத்தில் கண்ணீர், வாயில் சிரிப்பு. "இப்ப கண்ணாடி மனிசி ஆரு? கடைசியா வந்த நீங்கதான்."

சுகிர்தா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். பிள்ளைகள் மக்டலீனைப் பார்த்துக் குரைத்தார்கள். மரிசோலும் மடியில் கிடந்தபடியே மெல்லக் குரைத்தாள். அந்தக் குரல் வெளியே வந்ததை அன்றைக்குத்தான் கேட்டோம் என்று மற்றப் பிள்ளைகள் பிறகு வகுப்பில் சொன்னார்களாம்.

ஸ்ரீதரன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. ரீவியில் ஒரு நாய் போர்வைக்குள் இருந்து அவனைப் பார்த்தது. மேசைக்குக் கீழேயிருந்து பிஸ்ஸா மணம் வந்தது.

"ஐயோ அக்கா! அது வேறை வீட்டுக்குப் போற பிஸ்ஸா!"

"பௌதிகத்திட்டைக் கேள்," என்றது மேசை.

அந்தத் திங்கட்கிழமை மக்டலீன் காற்றில்லாத படங்கள் அத்தனையையும் தட்டிலிருந்து இறக்கினாள். ஒவ்வொன்றாக டெக்கில் போட்டு, கடைசிவரை ஓடவிட்டு, முடிவிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். சிலவற்றுக்குச் சிவப்புப் பொட்டு வந்தது. நாய்ப் படத்துக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டினாள். யாராவது கேட்டால், "ஹெலி வரும். ஆனா எடுக்க வாற ஹெலி. மேசைக்குக் கீழை இடம் இருக்கோ எண்டு பாத்திட்டுக் கொண்டுபோங்கோ" என்று சொல்லிக் கொடுப்பாள். மற்றக் கொப்பிகளைவிட அதுதான் கூடப் போயிற்று.

கோணேஸ்வரிக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை, என் கண்ணுகள். அது அப்படிப் போகிற சாமான் இல்லை. பனி கரைந்த பிறகு ஒரு நாள் அதே பஸ் தரிப்பில் அதே ஆஸ்பத்திரி ஹெலி வந்தது. அவள் வாங்கைப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடினாள். பள்ளிக்கூட பஸ்ஸும் வந்து நின்றது. பின்னாலே வந்துகொண்டிருந்த சுகிர்தா முன்னாலே வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"ஆரையோ எடுக்கப் போகுது, அம்மா."

யன்னலிலிருந்து ஜெனிபர் குரைத்தாள். சுகிர்தாவும் திருப்பிக் குரைத்தாள். ஹெலி போய் மறையும்வரைக்கும் கோணேஸ்வரியின் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு சேர்த்தே மகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

சரி, எழும்புங்கள், குளிர்சட்டையைப் போடுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது உங்கள் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும். உங்கள் கூரைக்கு மேலே எந்தச் சத்தம் கேட்டாலும் அது எடுக்க வந்த சத்தமாகவே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களுக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும். வந்த எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிடவும், வேண்டிய நேரத்தில் எல்லாரும் கீழே ஒளித்துக்கொள்ளவும் போதுமான பெரிய மேசை ஒன்று உங்கள் வீட்டில் எந்நாளும் இருக்கட்டும்.